காத்திருக்கும் கலை

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் இயற்கை அரணையும் போற்றாதார் இலர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அத்துறைமுகம் வேறொன்றின் அருமையையும் உணர்த்திற்று. காத்திருக்கும் முறையே அது.

அத்திங்கள் 5ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, முன்னறிவிப்பு உரிய வேளையில் கிட்டவில்லை. பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே இரத்மலானையிலிருந்த போர்விமானங்கள் எழும்ப நேர்ந்தது. 9ஆம் நாள் திருகோணமலையில் நிலைமை வேறு. ஏறத்தாழ 90 கடல்மைல் தொலைவிலேயே ராடார் நிலையம் பகைவரைக் கண்டுகொண்டது. குண்டுகள் விழுமுன்னரே ஹரிக்கேன் விமானங்கள் வானேறின.

போர்விமானம் சுமக்கும் எரிபொருள் சில மணி நேரத்துக்கே போதும். பகைவர் வருகின்றனரா என்று பார்ப்பதற்காகவே அது நாள்முழுதும் வட்டமிட்டால், அவர் வரும்வேளை கலம் வறிதாய்க் கிடக்கும். ஆதலின் பார்க்கும் தொழிலை ராடாரிடம் ஒப்படைத்து, விமானி தரையில் ஆயத்தமாக இருப்பதே அறிவுடைமையாயிற்று.

இவ்வினாவே பின்னர்க் கணினியிலும் எழுந்தது. நொடிக்கொருமுறை ஒரு வேலையைச் செய்யுமாறு எழுதப்பட்ட செய்நிரல், இடைப்பட்ட நேரத்தில் என் செய்யும்? “நேரம் ஆயிற்றா, ஆயிற்றா” என்று கடிகாரத்தை ஓயாது வினவிச் சுழலுமாயின், கணிக்கும் உறுப்பாகிய முறைவழியாக்கி பயனின்றி உழைக்கும், வெப்பம் மிகும், மின்கலம் வற்றும், பிற செய்நிரல்களுக்கும் இடமிராது. கடிகாரச் சுற்றே உரிய கணத்தில் குறுக்கிட்டு எழுப்புமாறு ஏற்பாடு செய்துவிட்டு உறங்குவதே இதற்கு மாற்று. இத்தகைய குறுக்கீடுகளைப் பிழையின்றிக் கையாளும் வழியை, எக்ஸ்1 என்னும் கணினிக்காக ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வகுத்தார். 1959ஆம் ஆண்டு அதனையே தம் ஆய்வேட்டின் பொருளாகவும் ஆக்கினார்.

உறக்கத்துக்கும் கணக்கு வேண்டும். வேலை ஒரு நொடியின் பத்திலொரு பங்கை எடுத்துக்கொள்ள, அதன்பின் முழுநொடி உறங்கினால், பத்துச் சுற்றில் ஒரு நொடி பிந்திவிடும். அடுத்து விழிக்கவேண்டிய கணத்தை முன்னரே குறித்து, எஞ்சிய நேரம் மட்டும் உறங்குவதே முறை. வேலையற்ற வேளையிலும் முறைவழியாக்கியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தட்டியெழுப்பும் பழைய வழக்கத்தை, 2007இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.21 பதிப்பு தவிர்க்கத் தொடங்கியது. அடுத்த வேலை எப்போதோ அதுவரை உறங்கலாம் என்பதே அதன் நெறி.

முன்னறிவிப்பு மட்டுமே வெற்றியாகிவிடாது. அன்று திருகோணமலையில் விமானங்கள் பல வீழ்ந்தன; எண்ணெய்த் தாங்கி எரிந்தது; முந்திய இரவில் துறைமுகத்தை நீங்கிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. எனினும் உறக்கத்தில் சிக்குண்டு எவரும் தோற்றிலர். எழுப்புவோன் தவறாதவனாயின், உறங்குவோன் வலிமை வீண்போகாது.