கார் நிற்காத கார் ஷெட்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு நாள்கூடக் கார் நின்றதில்லை. என் மாமனார் 1968-ல் அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார். அப்போது வாசலுக்கு இடது பக்கம் பத்துக்குப் பதினெட்டு அடியில் இந்த ஷெட்டையும் சேர்த்துக் கட்டினார். அவருக்கு சைக்கிள் தொழிற்சாலையில் வேலை. சைக்கிளில்தான் வேலைக்குப் போனார், ரிட்டையர் ஆன அன்றும் சைக்கிளில்தான் திரும்பி வந்தார். ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்க வேண்டும் என்று மனதில் இருந்தது. ஷெட் வந்தது, ஹெரால்டு வரவில்லை.

அதன் பிறகு ஐம்பது வருஷம், வீட்டில் எது வேண்டாமோ அதெல்லாம் ஷெட்டுக்குப் போயிற்று. தூக்கிப் போட மனமில்லை, உள்ளே வைக்க இடமில்லை என்றால் ஷெட். 2015 டிசம்பர் மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தபோது உள்ளே முழங்கால் ஆழம் நின்றது. அதற்குப் பிறகு யாரும் அந்தக் கதவைத் திறக்க விரும்பவில்லை. போன ஐப்பசியில் என் மனைவி சொன்னாள்: "நம்ம காலத்துக்கப்புறம் பசங்க லாரி வெச்சு மொத்தமா அள்ளிடுவாங்க. அதுக்குள்ள நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க."

பார்க்க ஆரம்பித்த எனக்கு, இதை ஒரு பட்டறை ஆக்கினால் என்ன என்று தோன்றியது. உடைந்த நாற்காலியைச் சரிசெய்ய, பேத்திக்கு ஒரு பலகை அலமாரி அடிக்க. வாழ்நாள் முழுவதும் பேனா பிடித்தவனுக்கு எழுபத்தைந்து வயதில் சுத்தியல் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது நான் அரைக்கால் சட்டைப் பையன். அதனால் சில சொற்கள் எனக்கு இன்றும் பிரெஞ்சில்தான் முதலில் வந்து நிற்கும். 'கராஜ்' அவற்றில் ஒன்று. அந்தச் சொல் காருக்கு முன்பே பிறந்தது. 'கரே' என்றால் ஒதுக்கி நிறுத்துவது. கால்வாயில் ஒரு படகு போக இன்னொன்றைக் கரையோரம் ஒதுக்கினார்கள், அது கராஜ். பிறகு ரயில் வந்தது. மெயின் லைனிலிருந்து பெட்டியைத் தள்ளி நிறுத்தும் பக்கத் தண்டவாளத்துக்கு 'வ்வா த கராஜ்' என்று பெயர். ஒரு ஆளை முக்கியமில்லாத நாற்காலிக்கு மாற்றிவிட்டாலும் பிரெஞ்சுக்காரர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். பென்ஷன்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

பட்டறைக்குப் பிரெஞ்சில் 'அத்தலியே'. அதன் வேர்ச்சொல்லுக்கு மரச்சிராய் என்று பொருள். நம் பட்டறை இரும்பிலிருந்து வந்தது. பட்டடை என்றால் கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல். வள்ளுவர் 'கூடா நட்பு' அதிகாரத்தில் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். அம்பத்தூர்ப் பக்கம் பட்டறை என்றால் இன்றும் இரும்புதான். 'லேத் பட்டறை' என்று கேட்டால் தெரு முனைப் பெட்டிக்கடைக்காரர்கூட வழி சொல்வார்.

அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-ல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் அதற்குப் பிறகும் நூறு வருஷம் அம்பத்தூர் ஏரியும் வயலுமாகவே கிடந்தது. 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1955 ஜனவரியில் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தால் சோஷலிசம் வந்ததா என்பது வேறு விஷயம். இந்தப் பக்கம் தொழிற்சாலை வந்தது. காமராஜர் முதலமைச்சர், ஆர்.வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை, அம்பத்தூரில் 1964-ல் அதைவிடப் பல மடங்கு பெரிய பேட்டை. பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் அடுத்தடுத்து எழும்பின. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.

பெரிய ஆலை எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளாது. புஷ், பின், வாஷர், ஸ்பேசர் போன்ற சின்ன உருப்படிகளை வெளியே கொடுக்கும். அதற்குப் பெயர் ஜாப் ஒர்க். வரைபடமும் கம்பியும் கொடுப்பார்கள், கடைந்து கொடுத்தால் உருப்படிக்கு இத்தனை பைசா கூலி. பகலில் ஷிப்ட் முடித்து வந்த டர்னர்கள் மாலையில் தங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய லேத்தைப் போட்டு இதைச் செய்தார்கள். பேட்டையில் ஷெட் எடுக்கப் பணமில்லாதவர்களுக்கு வீட்டு ஷெட்தான் பேட்டை. எழுபதுகளில் எங்கள் தெருவில் மட்டும் இரவு ஒன்பது மணிக்கு மூன்று வீடுகளில் பெல்ட் ஓடும் சத்தம் கேட்கும். 'டர்னர் வீடு', 'ஃபிட்டர் வீடு' என்றுதான் தபால்காரரே சொல்வார்.

அரசாங்கத்தின் காகிதத்திலும் இவர்களுக்கு இடம் இருந்தது. இயந்திர முதலீடு 1966-ல் 7.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் சிறுதொழில். 1975-ல் அந்த வரம்பு 10 லட்சம், 1980-ல் 20 லட்சம். சிறுதொழிலுக்கென்று ஒதுக்கிய பொருட்கள் 1967-ல் 47, 1978-ல் 504. பதிவு செய்துகொள்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு எண் இருந்தால் தட்டுப்பாட்டுக் காலத்தில் இரும்பு ஒதுக்கீடு கிடைக்கும். 1955-ல் தொடங்கிய தேசிய சிறுதொழில் கழகத்தில் தவணை முறையில் இயந்திரம் கிடைக்கும். எண் இல்லாதவன் இரும்பைக் கள்ள விலைக்கும் லேத்தைக் கந்துவட்டிக்கும் வாங்க வேண்டும். இந்த விஷயங்கள் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் இத்தகைய மனுக்கள் வரும் மேசை ஒன்றில்தான் நான் பல வருஷம் எழுத்தராக இருந்தேன்.

இனி ஷெட்டுக்குப் போவோம். எங்கள் பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. பொருள் பாடம் என்று சொல்லலாம். வாத்தியார் மேசையில் ஒரு பொருளை வைப்பார், பூட்டோ விளக்கோ எதுவானாலும். அதைப் பார்த்து நாங்கள் பேச வேண்டும். ஷெட்டைக் காலி செய்த எட்டு நாளும் எனக்கு அந்த வகுப்புதான் நடந்தது.

மேலே இருந்தது சமீப காலம்: கம்ப்யூட்டர் மானிட்டர், பேத்தியின் நடைவண்டி, 2008-க்குப் பிறகு மின்வெட்டுக்கு வாங்கி இப்போது உப்பிக் கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி. அதற்குக் கீழே வெள்ளத்தின் சேறு ஒரு விரற்கடை தடிமனுக்குக் காய்ந்து ஓடாகியிருந்தது. அதற்குக் கீழே மாமனாரின் காலம். ஹார்லிக்ஸ் பாட்டில் பாட்டிலாக நட்டு, போல்ட்டு, சைக்கிள் பால்ரஸ். எல்லாவற்றிலும் அளவு எழுதி ஒட்டியிருந்தார். மூன்று அரம், ஒரு இழைப்புளி, தாடை திருகாமல் இறுகிப்போன ஒரு வைஸ். வைஸை மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் காலை, தானே மனசு மாறியதுபோல் திரும்பிற்று.

இந்த மாதிரி வேலை தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதை வைப்பது என்று கேட்காதீர்கள். எல்லாவற்றையும் வெளியே வாசலில் பரப்புங்கள், தரை தெரியட்டும். பிறகு எதை உள்ளே திரும்ப விடுவது என்று கேளுங்கள். பதில் பாதியாகக் குறையும். காயலான் கடைக்காரர் இரண்டு முறை மூன்று சக்கர வண்டியோடு வந்து போனார். வயரிங்கைப் பழையதை நம்பாமல் முழுக்க மாற்றினேன். தனி எர்த், கசிவு மின்சாரம் கண்டால் தானே விழும் பிரேக்கர். வெள்ளம் வந்த இடம் என்பதால் பிளக் பாயிண்டுகளை நாலடி உயரத்தில் வைக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் பையன் சிரித்தான், ஆனாலும் வைத்தான்.

தரை தெரிந்தபோதுதான் அது தெரிந்தது. பின்சுவர் ஓரமாக ஒரு கான்கிரீட் மேடை, தரையிலிருந்து நாலு அங்குல உயரம். அதிலிருந்து நான்கு ஃபவுண்டேஷன் போல்ட்டுகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. மேலே எதுவும் எந்தக் காலத்திலும் உட்கார்ந்த அடையாளம் இல்லை. அதே வாரம் ஒரு தகரப் பெட்டிக்குள் பாலிதீன் உறையில் சுற்றிய ஒரு மனுவும் கிடைத்தது. 1979-ம் ஆண்டு தேதி. விண்ணப்பதாரர் என் மனைவியின் தம்பி. தொழில் செய்யும் இடம்: இந்த ஷெட். ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு: 'குடியிருப்பு முகவரி, ஏற்பதற்கில்லை.' கையெழுத்து என்னுடையது.

நினைவு வந்தது. ஐ.டி.ஐ. முடித்து டர்னராக மூன்று வருஷம் வேலை பார்த்தவன், பதிவு எண் கிடைத்தால் தவணையில் நாலரை அடி லேத் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். மேடையைக்கூட முன்னதாகவே போட்டுவிட்டான். மனுவை அலுவலகத்தில் கொடுக்கும் முன் எனக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தான். மோட்டார் வைக்க 1920-ம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி நகராட்சி அனுமதி வாங்க வேண்டும், அது உண்மை. வாங்கி வா என்று சொல்லியிருக்கலாம். முதலில் தற்காலிகப் பதிவு என்று ஒன்று இருந்தது, அதைச் சொல்லியிருக்கலாம். வீட்டு முகவரியே ஆகாது என்று நான் எந்த விதிப் புத்தகத்திலும் படித்ததில்லை. மேசையில் எல்லோரும் சொன்னதை நானும் சொன்னேன். அதிலும் இது சொந்தக்காரன் மனு. சலுகை காட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று இன்னும் ஒரு படி கண்டிப்பு. அன்றைக்கு அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அவன் பேட்டையில் ஒருவருடைய ஷெட்டில் பாதியை உள்வாடகைக்கு எடுத்தான். லேத்தை வட்டிக்கு வாங்கினான். வேலை கொடுத்தது ஒரே ஒரு கம்பெனி, அதுவும் பணத்தைத் தொண்ணூறு நாள் கழித்துத்தான் கொடுத்தது. ஏழு வருஷம் தாக்குப்பிடித்தான். பிறகு லேத்தை எடைக்குப் போட்டுவிட்டு மறுபடி சம்பளத்துக்குப் போனான்.

அமெரிக்காவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் அடிசன் அவென்யூ 367-ம் எண் வீட்டுக் கராஜைச் சின்னமாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி, எங்கள் ஷெட்டைவிட இரண்டடிதான் அகலம். ஹியூலெட், பேக்கார்டு என்ற இரண்டு பேர் 1938-ல் அங்கே தொடங்கி, 1939 ஜனவரி 1-ல் 538 டாலர் முதலில் கூட்டுத்தொழிலாகப் பதிந்தார்கள். திறமையை வைத்து அவர்களையும் எங்கள் தெரு டர்னர்களையும் ஒப்பிட நான் ஆளில்லை. ஆனால் அவர்கள் தங்கள் பெயர் போட்ட ஒரு கருவியைச் செய்து விற்றார்கள், வால்ட் டிஸ்னி கம்பெனி எட்டு வாங்கியது. எங்கள் ஆட்கள் வேறொருவர் வரைபடத்துக்கு, வேறொருவர் பெயர் போட்ட வண்டிக்கு, பெயரில்லாத புஷ் கடைந்தார்கள். வாங்குகிறவர் ஒருவர், விலை வைப்பவரும் அவரே. தொண்ணூறுகளில் சி.என்.சி. மெஷின் வந்து, தரச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்தபோது வீட்டு லேத்துகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒதுக்கீட்டுப் பட்டியலில் மிஞ்சியிருந்த கடைசி 20 பொருட்களையும் 2015 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அப்போது எங்கள் தெருவில் அதைக் கவனிக்க ஒருவரும் பாக்கியில்லை. என் மைத்துனனுக்கு எண் கிடைத்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வாடகை மிச்சமாகியிருக்கும், வட்டி பாதியாகியிருக்கும். அந்தக் கணக்கும் எனக்குப் போடத் தெரியும்.

மேஸ்திரி, போல்ட்டுகளை அறுத்து மேடையை உடைத்துச் சமன் செய்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஆவடியில் மகள் வீட்டில் இருக்கும் மைத்துனனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். மனுவை அவன் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தான், பென்சில் குறிப்பையும்.

"இதை நான் அப்பவே பாத்தேன் மாமா," என்றான். "அக்காகிட்ட சொல்லல."

பிறகு மேடை அருகே குந்தி உட்கார்ந்து டேப்பை எடுத்து போல்ட்டுக்கு போல்ட்டு அளந்தான். "மர மேஜையை இதுல முடுக்க முடியாது. ஆங்கிள்ல ஒரு பிரேம் அடிச்சுத் தரேன், அதுக்கு மேல ரெண்டு இஞ்ச் பலகை போட்டுக்குங்க. ஆடாது."

அடுத்த வாரம் பிரேமோடு வந்தான். கூடவே ஒரு சின்ன மரப்பெட்டி. 1985-ல் எரிந்துபோவதற்கு முன் மூர் மார்க்கெட்டில் வாங்கிய மைக்ரோமீட்டர், மூர் அண்ட் ரைட், ஷெஃபீல்டு. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தான். அதை அலமாரியில் வைக்கச் சொன்னான், கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

வைஸ் பொருத்தும்போது ஒரு சிக்கல். அதன் தாடை நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் அரம் போடும்போது தோள் வலிக்காது. அவன் என்னைவிட அரையடி உயரம். "உங்க முழங்கைக்கே வெச்சிடவா?" என்றான். அவன் உயரத்துக்கு வைக்கச் சொன்னேன். நான் நிற்பதற்கு ஒரு பலகைக்கட்டை அடித்திருக்கிறேன். அந்தப் பட்டறையில் நான் செய்த முதல் உருப்படி அதுதான்.