முள்ளைக் காக்க வந்த பெட்டி

பழைய வால்வு கருவிகளைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். ஃபேர்சைல்டு 670 கம்ப்ரெஸ்ஸர் என்றதும் பாட்டுக்கு அது தரும் மெருகைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு இசைத்தட்டு முள்தான் நினைவுக்கு வரும். அந்த முள்ளைக் காப்பாற்றத்தான் இந்தப் பெட்டியே பிறந்தது.

ஒலி எகிறினால் தானாகவே அடக்குவதுதான் இத்தகைய பெட்டியின் வேலை. அதை 1937-லேயே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 110ஏ என்ற கருவி வானொலி நிலையங்களில் செய்துவந்தது. இசைத்தட்டில் சிக்கல் வேறு மாதிரி. பாடகர் திடீரென்று குரலை உயர்த்தினால், தட்டை வெட்டும் முள் பக்கத்துத் தடத்துக்குள் புகுந்துவிடும். ஸ்டீரியோ வந்தபின் முள் மேலும் கீழும்கூட அசைய வேண்டியிருந்தது. அந்த அசைவு மிஞ்சினால், வீட்டில் கேட்பவரின் முள் தடத்தைவிட்டே துள்ளும்.

1950களின் இறுதியில் நியூயார்க்கில் இதற்கு வழி கண்டவர் பொறியாளர் ரெய்ன் நார்மா. எஸ்டோனியாவில் பிறந்தவர். ஒற்றைச் சேனல் கொண்டது 660. அவர் கையாலேயே செய்த முதல் 660 பெட்டிகளில் ஒன்று ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டருக்கும், மற்றொன்று இசைக் கலைஞர்களான லெஸ் பால், மேரி ஃபோர்டு தம்பதிக்கும் போயின. இரண்டு சேனல் கொண்ட 670-இல் 20 வால்வுகள். எடை ஏறக்குறைய 30 கிலோ. பக்கவாட்டு அசைவையும் மேல்கீழ் அசைவையும் அதில் தனித்தனியே அடக்கலாம்.

அதன் உயிர் 6386 என்ற வால்வில் இருக்கிறது. சேனலுக்கு நான்கு. ஒலி ஏறும்போது அதன் கிரிட்டுக்குப் போகும் மைனஸ் வோல்டேஜ் கூடும், வால்வின் பெருக்கம் குறையும். ஒரே சேனலுக்குள் எதிரெதிராக வேலை செய்யும் இரு பக்க வால்வுகளும் தராசுத் தட்டுகள்போலச் சமமாக இருந்தால், இந்த வோல்டேஜ் மாற்றம் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஒரு பக்கம் தளர்ந்தால், ஒலி அடங்கும் ஒவ்வொரு தடவையும் 'தொம்' என்று ஒரு இடி கேட்கும். அதற்குத்தான் பேலன்ஸ் திருகு. வால்வு நன்றாகச் சூடேற அரை மணி நேரம் விட்டு, பிறகே அதைத் தொட வேண்டும். சூடேறாமலே திருப்பினால் பாதிப் பாட்டில் அளவு விலகிவிடும்.

லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்தப் பெட்டிக்கு வேறு வாழ்வு கிடைத்தது. 1966-இல் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக், ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸை 660 வழியாக அழுத்திப் பிழிந்தார். காவலுக்கு வந்தது வாத்தியமாகிவிட்டது. அந்த டிரம்ஸை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கும்.

670-ஆகட்டும், வேறு வால்வு கம்ப்ரெஸ்ஸர் ஆகட்டும், பழையது கைக்கு வந்தால் உடனே பிளக்கைச் சொருகாதீர்கள். அமெரிக்கப் பெட்டி 117 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-க்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். இரண்டு பின் ஒயரை மாற்றி எர்த் கொடுங்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள்.