டாலி மெஸஞ்சர்: நூறு ஆண்டுகள் அழிந்திருந்த பெயர்

ரக்பி என்று பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் அது இரண்டு விளையாட்டுகள். அணிக்கு 15 பேர் ஆடினால் ரக்பி யூனியன், 13 பேர் ஆடினால் ரக்பி லீக். இரண்டும் பிரிந்ததற்கு முதற்காரணம் ஆட்ட விதிகள் அல்ல, கூலி!

இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று வடபகுதி கிளப்புகள் கேட்டன. 'பணத்துக்காக ஆடுவது ரக்பிக்கு இழுக்கு' என்று தலைமை மறுத்தது. 1895-ல் அந்தக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கூடித் தனி அமைப்பைத் தொடங்கின. ரக்பி லீக் பிறந்தது இப்படித்தான்.

இதே சண்டை 12 ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் வெடித்தது. அலெக்ஸ் பர்டன் என்ற வீரர் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தபோது யூனியன் அவருக்கு ஈடு எதுவும் தரவில்லை. வீரர்கள் கொதித்தனர். 1907 ஆகஸ்டில் அங்கும் லீக் அமைப்பு உருவானது. ஆனால் கூட்டத்தை இழுக்க ஒரு நட்சத்திரம் வேண்டுமே?

அந்த நட்சத்திரம்தான் டாலி மெஸஞ்சர். 1883-ல் பிறந்தவர், படகு கட்டும் குடும்பம். அதே 1907-ல் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலிய யூனியன் அணியில் இரண்டு டெஸ்ட் ஆடியவர். அவர் லீக் பக்கம் வந்ததும் ரசிகர்களும் திரண்டு வந்தார்கள். அந்த ஆண்டே நியூசிலாந்தின் லீக் அணி அவரைத் தன்னோடு பிரிட்டனுக்கு அழைத்துச் சென்றது. அணியில் ஒரே ஆஸ்திரேலியர் அவர்தான்! பிறகு ஆஸ்திரேலிய லீக் அணிக்காகவும் ஆடினார். ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப் 1911 முதல் 1913 வரை தொடர்ந்து மூன்று முறை பட்டம் வென்றபோது அதன் நாயகன் அவரே. 1913-ல் ஓய்வு பெற்றார்.

யூனியன் அவரை மன்னிக்கவில்லை. வாழ்நாள் தடை விதித்ததோடு, தன் பதிவேட்டிலிருந்து அவருடைய பெயரையும் நீக்கியது. 1959-ல் அவர் இறந்தபோதும் அந்த நிலை மாறவில்லை.

1995-ல் யூனியனே வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. எதைக் குற்றம் என்று சொல்லி மெஸஞ்சரைத் தள்ளி வைத்தார்களோ, அதுவே சட்டமாகிவிட்டது! ஆனாலும் அவருடைய பெயர் பதிவேட்டுக்குத் திரும்ப 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லீக் அவரை மறக்கவேயில்லை. ஆஸ்திரேலிய லீக் போட்டியின் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் தரப்படும் விருதின் பெயர் 'டாலி எம்' பதக்கம். உழைப்பவன் ஆடவும் வேண்டும், அவன் வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும் என்ற எளிய நியாயத்தின் பக்கம் நின்றவருக்கு அது பொருத்தமான மரியாதை.