திருவல்லிக்கேணித் தெருக்களில் ஒரு காலைப் பயணம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நம் மஹல்லாவின் மக்தப் மாணவர்கள் சென்ற விடுமுறையில் ஒரு கோரிக்கை வைத்தனர். “ஹஜ்ரத், எல்லாரும் சைக்கிளில் எங்காவது போய் வருவோமா?” என்பதே அது. தொலைவாகச் செல்வதில் நமக்கு உடன்பாடில்லை. நம் தெருக்களையே சுற்றி வருவோம் என்றோம். அவர்களுக்கு அது பெரும் ஏமாற்றம். பிறந்து வளர்ந்த தெருவில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர்களின் எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் பதினான்கு மிதிவண்டிகள் பள்ளிவாசல் வாயிலிலிருந்து புறப்பட்டன. நம் ஜமாஅத்தின் மூத்த பெரியவர் ஒருவரும் உடன் வந்தார். வயது எண்பதைக் கடந்தவர். ஒரு காலத்தில் இப்பகுதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். நமது வண்டியின் பின் கேரியரில் அமர்ந்துகொண்டு, “மெதுவாப் போங்க ஹஜ்ரத், தெரு எங்கேயும் ஓடிடாது” என்றார். அன்று நாம் வண்டி ஓட்டினோமே தவிர, வழி நடத்தியவர் அவரே.

அமீர் மஹல் முதல் ஜாம் பஜார் வரை

இராயப்பேட்டையில் உள்ள அமீர் மஹலிலிருந்து தொடங்கினோம். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்துக்காகக் கட்டப்பட்ட இம்மாளிகை, 1876 முதல் ஆர்க்காட்டு இளவரசர்களின் இல்லமாக இருந்து வருகிறது. “நவாபின் அரண்மனையை நவாபே கட்டவில்லையா?” என்று ஒரு மாணவன் கேட்டான். கட்டினார். ஆனால் அவர் கட்டிய அரண்மனை வேறு. அது கடற்கரையருகே சேப்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே போகும்போது விடை கிடைக்கும் என்று சொல்லி, பாரதி சாலையில் கிழக்கு நோக்கித் திரும்பினோம். கம்பெனி அதிகாரி தாமஸ் பைகிராஃப்டின் பெயரால் முன்பு பைகிராஃப்ட்ஸ் சாலை என்று வழங்கிய தெரு இது.

ஜாம் பஜாரை ஒட்டிய ஒரு சந்தின் முனையில் பெரியவர் நமது முதுகைத் தட்டி, வண்டியை நிறுத்தச் சொன்னார். பூட்டிக் கிடந்த ஒரு சிறு கடையைச் சுட்டிக்காட்டினார். “இந்தக் கடை வாடகையில்தான் நம்ம பள்ளிக்கு விளக்கெண்ணெய் வந்தது. எங்க அத்தா சொல்லுவாங்க. ஒரு அம்மா பள்ளிக்கு எழுதி வச்சது” என்றார். அந்த அம்மையாரின் பெயர் என்ன என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை. பத்திரம் எங்கே என்றோம். அதற்கும் விடையில்லை. இன்று அக்கடை யார் யார் கையோ மாறிவிட்டது. நாம் இம்மஹல்லாவின் பணிக்கு வந்து இருபது ஆண்டுகளாகின்றன. எத்தனையோ முறை அச்சந்தைக் கடந்து சென்றிருக்கிறோம். ஒரு நாளும் இதை அறிந்ததில்லை.

சேப்பாக்கம்: கைவிட்டுப் போன அரண்மனை

கடற்கரையை அடைந்து வடக்கே திரும்பினோம். மாநிலக் கல்லூரியைக் கடந்தால் சேப்பாக்கம் அரண்மனை. கர்நாடக நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768இல் கட்டுவித்தது. கலசா மஹல், ஹுமாயூன் மஹல் என இரு பகுதிகளைக் கொண்டது. இதன் தோட்டமும் வளாகமும் ஏறத்தாழ 117 ஏக்கர் பரப்பில் விரிந்திருந்தன. இன்றைய கிரிக்கெட் மைதானமும் அந்நிலத்தில்தான் இருக்கிறது.

இவ்வரண்மனை நம் கையை விட்டுப் போன கதையை மாணவர்களுக்குச் சொன்னோம். நவாப் போருக்காகவும் ஆடம்பரத்துக்காகவும் கம்பெனி அதிகாரிகளிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். அரண்மனைக் கட்டுமானத்தை ஏற்று நடத்தியவராகச் சொல்லப்படும் பால் பென்ஃபீல்டு, அவருக்குக் கடன் கொடுத்தவர்களிலும் முதன்மையானவர். ஆர்க்காட்டு நவாபின் கடன் கடல் கடந்தும் பேசப்பட்டது; 1785இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எட்மண்டு பர்க் இதைப் பற்றி நீண்ட உரையாற்றினார். 1801இல் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கம்பெனிக்குச் சென்றது. நவாபுக்கு மிஞ்சியது வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் ஆண் வாரிசின்றி இறந்தபோது அப்பட்டமும் பறிக்கப்பட்டது. கடனைத் தீர்க்க அரண்மனை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது. 2012 ஜனவரியில் கலசா மஹல் தீக்கிரையாகி, பின்னர் பொதுப்பணித் துறையால் சீரமைக்கப்பட்டதை நம்மில் பலரும் நேரில் கண்டிருக்கிறோம்.

வட்டி ஒரு வீட்டை மட்டுமன்று, ஓர் அரசையே விழுங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பெரிய பள்ளிவாசல்: நிலைத்து நின்ற கொடை

வாலாஜா சாலை வழியாக மேற்கே வந்து, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் பெரிய பள்ளிவாசல் முன் இறங்கினோம். அதே நவாபின் குடும்பத்தார் 1795இல் கட்டியது. மரமும் இரும்பும் சேர்க்காமல், கருங்கல்லால் எழுப்பப்பட்டது என்பர். பரந்த வெளி, ஹவுள், மெல்லிய இரு மினாராக்கள்.

மிஹ்ராபின் மேல் உள்ள கல்வெட்டு மாணவர்களை மிகவும் கவர்ந்தது. இறை நினைவே மிகப் பெரிது என்னும் பொருள் கொண்ட அச்சொற்களுக்குள் பள்ளிவாசல் எழுந்த ஆண்டு மறைந்திருக்கிறது. அப்ஜத் கணக்கை ஏட்டில் மட்டும் படித்திருந்த மாணவர்களைத் தரையில் அமர்ந்து கூட்டச் சொன்னோம். ‘திக்ர்’ என்பதற்கு 920, ‘அல்லாஹ்’ என்பதற்கு 66, ‘அக்பர்’ என்பதற்கு 223. ஆக மொத்தம் 1209. அதுவே ஹிஜ்ரி ஆண்டு. இதை இயற்றியவர் நவாபின் அவையிலிருந்த பாரசீகப் புலவர் ராஜா மக்கன் லால். அவர் ஓர் இந்து. இன்றும் ரமளானில் இங்கே நோன்பு திறக்கும் உணவைப் பல பத்தாண்டுகளாகப் பரிமாறி வருவோர் சூஃபிதார் அமைப்பைச் சார்ந்த சிந்தி அன்பர்கள். இத்தெருவின் பண்பு தொடக்கம் முதலே இப்படித்தான் இருந்திருக்கிறது.

வளாகத்தில் அடங்கியிருக்கும் இருவரை நாம் மறத்தலாகாது. ஒருவர், பஹ்ருல் உலூம் எனப் போற்றப்பட்ட லக்னோ மேதை மௌலானா அப்துல் அலீ. நம்மைப் போன்ற ஆலிம்கள் ஓதிய தர்ஸே நிஸாமீ பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஸாமுத்தீனின் மகனார். நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து கல்வி புகட்டி, 1810இல் மறைந்தார். மற்றவர், கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில். அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்தவர். 1972இல் இம்மண்ணில் அடங்கினார். இந்நெடுஞ்சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இதே சாலையில்தான் 1850இல் தோன்றிய முகம்மதன் பொது நூலகமும் உள்ளது. அரசு இழந்தும் நவாப் குலாம் கவுஸ் கான் அதை ஆதரித்தார். அதற்காக முன்னின்று உழைத்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர்.

ஹவுளின் கரையில் அமர்ந்திருந்தபோது, காலையில் கேள்வி கேட்ட அதே மாணவன் சொன்னான்: “அரண்மனை போயிடுச்சு. பள்ளிவாசல் இருக்கு.” நாம் சொல்ல எண்ணியதும் அதுவே. தமக்கென வைத்துக்கொண்டது ஏலத்தில் போயிற்று. அல்லாஹ்வுக்கென வக்ஃபு செய்தது இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்தும் நிற்கிறது.

நம் கடமை

ஆயினும் வீடு திரும்பும் வழியில் அந்தப் பூட்டிய கடை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. கொடுத்தது நிலைக்கும் என்றால், அந்த அம்மையார் கொடுத்தது ஏன் நிலைக்கவில்லை? நவாபின் கொடைக்குக் கல்லும் கணக்கும் சாட்சியாக நிற்கின்றன. அந்த அம்மையாரின் கொடைக்கு ஒரு முதியவரின் நினைவைத் தவிர வேறு சாட்சியில்லை. அந்த நன்மை அல்லாஹ்விடம் பதிவாகியிருக்கும், ஐயமில்லை. பதிவு செய்யத் தவறியது நாம்.

2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்தையொட்டி வக்ஃபுச் சொத்துகளின் விவரங்களை ‘உமீத்’ இணையதளத்தில் பதிய வேண்டும் என்ற நிலை வந்தபோது, நம் நிர்வாகிகள் பழைய பெட்டிகளைத் திறந்து தவித்ததை யாவரும் அறிவீர்கள். செல்லரித்த தாள்களும், முன்னோர் வாய்மொழியாகவே விட்டுச்சென்ற செய்திகளுமே மிஞ்சின.

எனவே ஜமாஅத்தாருக்கு நம் பணிவான வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பள்ளிவாசல் தொடர்பான பத்திரம், ரசீது, கடிதம் எது இருந்தாலும் நகலெடுத்து அலுவலகத்தில் சேர்ப்பியுங்கள். வீட்டு முதியவர்களிடம் அமர்ந்து, கேட்டதை எழுதி வையுங்கள். மக்தப் மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் இப்பணியைத் தொடங்கிவிட்டனர். அதன் முதல் பக்கத்தில் அந்தக் கடையின் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. பெயருக்குரிய இடம் மட்டும் காலியாக உள்ளது. அதை நிரப்பக்கூடியவர் நம்மில் யாரேனும் இருக்கலாம்.

நம் முன்னோரின் கொடைகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! அவற்றைப் பேணிக் காக்கும் பொறுப்பை நமக்கு எளிதாக்குவானாக! ஆமீன்.