போரும் சிறுவர் புதின மொழியும்: 'தி மெஷின் கன்னர்ஸ்' ஒரு நோக்கு

இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட ஆங்கிலச் சிறுவர் புதினங்களுள் ராபர்ட் வெஸ்டாலின் 'தி மெஷின் கன்னர்ஸ்' (1975) தனித்து நோக்கத்தக்கது. வெளிவந்த ஆண்டிற்குரிய கார்னகி பதக்கத்தை இந்நூல் பெற்றது. அதே வேளையில், இதிலுள்ள வன்முறையும் வசைச்சொற்களும் சிறுவர் படிக்கத் தக்கவையா என்ற கண்டனமும் எழுந்தது. அக்கண்டனத்திற்கு இடமளித்த பேச்சுமொழியே இப்புதினத்திற்கு வரலாற்று ஆவணத்தின் தன்மையை அளிக்கிறது எனலாம்.

வெஸ்டால் 1929இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள நார்த் ஷீல்ட்ஸ் நகரில் பிறந்தவர். கப்பல் கட்டும் தளங்கள் நிறைந்த டைன் ஆற்றுப் பகுதி ஜெர்மானிய வான்படையின் இலக்காயிற்று. 1941 மே 3ஆம் நாளிரவு அந்நகரில், தொழிற்சாலை ஒன்றின் நிலவறையில் புகலடைந்திருந்தோருள் 107 பேர் குண்டுவீச்சில் மாண்டனர். அப்போது வெஸ்டாலுக்கு வயது 11. பின்னாளில், தாம் கண்ட போர்க்காலத்தைத் தம் மகனுக்குப் புலப்படுத்தவே இக்கதையை எழுதினார்.

கதை 1940-41 குளிர்காலத்தில், கார்மத் என்னும் கற்பனை நகரில் நிகழ்கிறது. வீழ்ந்து கிடக்கும் ஜெர்மன் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியைக் கவரும் சாஸ் மக்கில், நண்பர்களுடன் சேர்ந்து பதுங்குகோட்டை ஒன்றை அமைக்கிறான். ரூடி என்னும் ஜெர்மானிய வான்படை வீரன் அவர்களிடம் சிறைப்படுகிறான். நாளடைவில் சிறையாளி தோழனாகிறான்.

பாத்திரங்களின் பேச்சு அவர்தம் சமூக நிலையை உணர்த்துகிறது. உழைக்கும் வகுப்புச் சிறுவர் டைன் பகுதிக் கிளைமொழியைப் பேசுகின்றனர். கிளாகரின் பேச்சு கிளாஸ்கோ நகரத்தது. நிக்கி உயர்குடிச் சிறுவன். அறிவு வளர்ச்சி குன்றிய ஜான் பிரவுன்லீ பெரும்பாலும் ஒரே வினாத் தொடரையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். இவ்வேறுபாடுகளுக்கிடையே இவர்களை ஒரு குழுவாகப் பிணைப்பது பெரியோரிடம் மறைக்க வேண்டிய ஒரே கமுக்கமாகும்.

புதினத்தின் உச்சக்கட்டம் மொழியியலாரின் தனிக் கவனத்திற்குரியது. 1940 ஜூன் முதல் பிரிட்டனில் தேவாலய மணிகள் ஒலிப்பது தடை செய்யப்பட்டது. பகைவர் படையிறங்கினால் மட்டுமே அவை ஒலிக்க வேண்டும் என்பது ஆணை. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சில ஊர்களில் மணிகள் தவறாக ஒலித்தன. அத்தகைய பொய்யச்சம் புதினத்திலும் எழுகிறது. அவ்வேளையில் கோட்டையை நோக்கி வருவோர் நேசப்படையைச் சேர்ந்த போலந்து வீரர்கள். தாய்நாடு 1939இல் வீழ்ந்தபின் பிரிட்டனில் திரண்டு போரிட்டவர்கள் அவர்கள். அயல்மொழி பேசும் அவ்வீரர்களை ஜெர்மானியர் எனப் பிறழ உணர்ந்து சிறுவர்கள் சுடுகின்றனர். பகைநாட்டானாகிய ரூடியோ அவர்தம் அன்புக்குரியவன். 'நம்மவர்', 'பகைவர்' என்னும் சொற்களின் பொருளெல்லையை வகுத்துத் தந்தவர்கள் பெரியவர்கள். அவ்வகுப்பு தம் பட்டறிவோடு முரண்படுவதைச் சிறுவர்கள் காலங்கடந்தே உணர்கின்றனர். இப்புதினத்தின் இருண்மை குருதிப் பெருக்கில் மட்டுமன்றி இப்பொருட்பிறழ்ச்சியிலும் உள்ளது.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலும் இங்கேயே தோன்றுகிறது. டைன் கிளைமொழிக்கு ஈடாகப் பெறுமொழியின் ஒரு வட்டார வழக்கை முழுமையாகக் கையாண்டால், சிறுவர்கள் தம் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு வேறொரு நிலத்தவராகி விடுவர். அனைவரையும் எழுத்து வழக்கில் பேச வைத்தாலோ வகுப்பு வேறுபாடு மறையும். வசைச்சொற்களை நீக்கினால் அச்சத்தை மறைக்க அவர்கள் பூணும் முரட்டுத்தனமும் நீங்கும். ஆகவே ஒலித்திரிபுகளைக் குறைத்து, தொடரமைப்பு, விளிச்சொல், மரியாதை வேறுபாடு ஆகியவற்றின்வழி நிலை வேறுபாட்டை உணர்த்துவது பொருத்தமான நெறியாகும். போலந்து வீரர்களின் பேச்சு அயன்மை மாறாது நிற்றல் இன்றியமையாதது. அது புரியும் மொழியாகிவிடின், சிறுவர்கள் ஏன் சுட்டனர் என்பது வாசகருக்குப் புரியாது போகும்.