சாரக் கயிறும் திருநீற்று மதிலும்



திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளிய பெருமான்மீது சருகு உதிராவண்ணம், சிலந்தி ஒன்று தன் நூலைக் கிளையோடு பிணைத்துப் பந்தர் இட்டது. அதுவே பின்னர்க் கோச்செங்கட் சோழராய்ப் பிறந்து திருக்கோயில்கள் பல எடுத்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. மரத்தில் இழை கட்டிய தொண்டே கோயில் கட்டும் தொண்டாக வளர்ந்தது.

இன்றும் கோபுரத் திருப்பணி கயிற்றில்தான் தொடங்குகிறது. சவுக்கு மரங்களை நட்டுச் சாரம் கட்டுவோரின் கைத்திறனை நாம் நின்று நோக்கியதுண்டு. நட்ட மரத்தைக் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றி, குறுக்கே ஏற்றி மறுசுற்றும் சுற்றி, அக்குறுக்கின் அடியில் நுனியைச் செருகி இழுப்பர். கயிறே கயிற்றை அமுக்கிக்கொள்ளும். சுமை ஏற ஏறப் பிடி இறுகும். கடலோடிகளும் இம்முடிச்சை அறிவர். வழவழப்பான கம்பத்தில் இது நழுவக்கூடும். தேங்காய் நார்க் கயிற்றின் சொரசொரப்பே இங்குத் துணை. பின்பு குறுக்கு மரத்தைச் சேர்த்துப் பன்முறை பிணைத்து, இரு மரங்களுக்கும் இடையிலும் கயிற்றைச் செலுத்தி இறுக்குவர். இவ்விடைச்சுற்று இல்லையேல் கட்டு நாளடைவில் தளரும்.

உச்சிச் சாரத்தினின்று இறங்கிய முதியவர் ஒருவரை, "அச்சமில்லையா?" என வினவினோம். "சாமி, எனக்குக் கீழே முடிச்சுப் போட்டவன் கையை நம்பித்தான் நிற்கிறேன்" என்றார்.

அண்டையிலுள்ள திருவரங்கத்தில் பல நூற்றாண்டுகள் முற்றுப்பெறாது நின்ற தெற்கு இராயகோபுரம், அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் சீயர் அவர்களின் பெருமுயற்சியால் 1979இல் தொடங்கி, 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு எழுந்து, 1987 மார்ச்சு 25இல் குடமுழுக்குக் கண்டது. எடுப்பித்தவர் பெயரை உலகம் அறியும்; உபயகாரர் பெயர் கல்லில் ஏறும். சாரம் கட்டியவர் பெயரோ, அவிழ்த்த கயிற்றோடு போய்விடுகிறது.

ஆனால் ஆனைக்காவின் வெளிமதில் வேறொரு நீதியைச் சொல்கிறது. அம்மதிலை எடுத்தபோது பெருமானே சித்தராய் வந்து, உழைத்தோர்க்குத் திருநீற்றைக் கூலியாக அளித்தார்; அந்நீறு அவரவர் உழைப்பின் அளவிற்கேற்பப் பொன்னாயிற்று என்பது தலவரலாறு. விபூதிப் பிராகாரம் என்னும் பெயர் இன்றும் அதற்குச் சான்று. மனிதர் எழுதாத கணக்கை இறைவன் எழுதினான்.

பாசம் என்பதற்குக் கயிறு என்றும் பொருளுண்டு. உயிரைக் கட்டிய பாசமும் பக்குவம் வந்தபின் நெகிழ்கிறது. கோபுரம் நிறைவுற்றபின் சாரமும் அவிழ்கிறது. நன்கு இட்ட முடிச்சு, வேண்டுமளவும் பிடித்து, வேண்டாதபோது விடுவது.

ஆகவே அன்பர்களே, நும் ஊர்க் குடமுழுக்கில் மாலை மரியாதை வழங்கும்போது, சாரம் கட்டியவரையும் முன்னே அழைத்துத் திருநீறு அளியுங்கள். அந்த நீற்றைப் பொன்னாக்குவது ஆனைக்கா அண்ணலின் பொறுப்பு.

திருச்சிற்றம்பலம்.