பதினொரு மாத ஒப்பந்தமும் பத்து மாத முன்பணமும்: சென்னையின் சிறு வீட்டுக்காரர் வரலாறு

வாழும் வீட்டின் மாடியையோ பின்கட்டையோ, சேமிப்பில் கட்டிய இரண்டாவது வீடு ஒன்றையோ குடிக்கூலிக்கு விட்டு அந்த வருவாயால் குடும்பச் செலவை ஈடுகட்டும் சிறு உடைமையாளர், சென்னையின் நகர வரலாற்றில் நெடுங்காலமாக இருந்துவருபவர். யாருக்கு விடுவது, எவ்வளவு முன்பணம் வாங்குவது, எத்தனை காலத்திற்கு எழுதிக்கொடுப்பது, தேவைப்படும்போது வீடு திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விகள் அவரை ஒவ்வொரு தலைமுறையிலும் எதிர்கொண்டுள்ளன. அவற்றுக்கு இன்று வழக்கமாகிவிட்ட விடைகள் சந்தையில் மட்டும் உருவானவை அல்ல. ஒரு நூற்றாண்டுக் காலச் சட்டங்களும் அச்சட்டங்கள் விளைவித்த அச்சமும் சேர்ந்து உருவாக்கியவை.

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் இந்தச் சிறு முதலீடு முதலில் எடுத்த வடிவம் ஒண்டுக் குடித்தனம். நடுவே முற்றமும் கிணறும் அமைந்த ஒரே வீட்டில் பல குடும்பங்கள் ஒன்றிரண்டு அறைகளில் தனித்தனியே சமைத்து வாழ்ந்த இந்த ஏற்பாட்டை, ‘ஸ்டோர்’ என்றும் மக்கள் அழைத்தனர். அலுவலக வேலை தேடி மாவட்டங்களிலிருந்து வந்த எழுத்தர்களுக்கு அது கட்டுப்படியாகும் தங்குமிடமாகவும், வேறு வருமானமில்லாத கைம்பெண்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் மாதந்தோறும் கிடைக்கும் வருவாயாகவும் இருந்தது. தண்ணீர், கழிப்பிடம், விளக்கு ஆகிய எல்லாம் பொதுவாக இருந்ததால், அவற்றைப் பற்றிய விதிகளை வீட்டுக்காரரே வகுத்தார். எழுத்து வடிவ ஒப்பந்தம் அரிதாகவே இருந்தது.

வீட்டை விடுத்து வெறும் நிலத்தை வாடகைக்கு விடும் முறையும் நகரில் பரவியிருந்தது. பிறருடைய மனையில் தம் செலவில் வீடு கட்டிக்கொண்டு நிலத்துக்கு மட்டும் வாடகை செலுத்தியவர்கள் அடிமனைக் குடியிருப்பாளர்கள் எனப்பட்டனர். முதல் உலகப் போருக்குப் பின் மனை மதிப்பு உயர்ந்து, நில உடைமையாளர்கள் அவர்களை வெளியேற்ற முற்பட்ட சூழலில்தான், 1922ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமான சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றப்படுபவருக்குக் கட்டடத்துக்கான இழப்பீட்டை மட்டுமன்றி, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்த மனையையே வாங்கிக்கொள்ளும் உரிமையையும் அது அளித்தது. கட்டிய வீட்டை இழக்கவிருந்தவர்களுக்கு இது நியாயமான காப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் வாடகைக்கு விட்ட சொத்து கைவிட்டுப் போகக்கூடும் என்ற எண்ணம் உடைமையாளர் மனத்தில் இடம்பிடித்ததும் இச்சட்டத்தோடுதான்.

இரண்டாம் உலகப் போர் இந்த எண்ணத்தை நகரம் முழுவதற்கும் விரிவாக்கியது. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. 1942 ஏப்ரலில் சப்பானியத் தாக்குதல் அச்சத்தால் ஆயிரக்கணக்கானோர் சென்னையை விட்டு வெளியேறி வீடுகள் பூட்டிக் கிடந்த ஒரு சிறு இடைவெளிக்குப் பின், நகரில் மீண்டும் இடநெருக்கடி மிகுந்தது. போர் முடிந்தும் கட்டுப்பாடு நீங்கவில்லை; 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த சட்டங்களால் அது நிலைபெற்றது. 1960ஆம் ஆண்டின் பதினெட்டாம் சட்டப்படி, காலியான வீட்டைப் பற்றி ஏழு நாட்களுக்குள் அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. அரசு விரும்பினால் அவ்வீட்டைத் தன் ஊழியர்களுக்கென எடுத்துக்கொள்ள முடிந்தது.

அச்சட்டத்தின் மையக் கருத்து நியாய வாடகை என்பதாகும். கட்டுமானச் செலவில் தேய்மானத்தைக் கழித்து, மனையின் சந்தை மதிப்பைச் சேர்த்து, அந்த மொத்தத்தில் குடியிருப்புக்கு ஆண்டொன்றுக்கு 6 விழுக்காடும் பிற பயன்பாட்டுக்கு 9 விழுக்காடும் வருவாய் கிடைக்குமாறு வாடகை கணக்கிடப்பட்டது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விகிதங்களை முறையே 9, 12 என உயர்த்தியது. காகிதத்தில் இது குறையில்லாத கணக்கே. ஆனால் ஒருமுறை நிர்ணயிக்கப்பட்ட நியாய வாடகையை, உடைமையாளர் தம் செலவில் கட்டடத்தை மேம்படுத்தினாலோ சொத்துவரி கூடினாலோ அன்றி உயர்த்த முடியாது என்று சட்டம் கூறியதால், விலைவாசி ஏற ஏற வாடகையின் உண்மை மதிப்பு சுருங்கியது. பழுது பார்க்கும் செலவுக்குக்கூட வாடகை போதாத நிலையில், பராமரிப்பைக் கைவிடுவதே பல உடைமையாளர்களின் முடிவாயிற்று. அந்த முடிவின் துன்பத்தை ஒழுகும் கூரையின் கீழ் அனுபவித்தவர், சட்டம் யாரைக் காக்க வந்ததோ அந்தக் குடியிருப்பவரே.

இன்றைய வழக்கங்கள் பலவும் இந்த நெருக்குதலிலிருந்தே தோன்றின. வாடகை உயராது என்றால் அந்த இழப்பை முன்கூட்டியே வேறு வழியில் பெற உடைமையாளர் முயன்றார். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகத் தடுத்திருந்தபோதிலும், சென்னையில் பத்து மாத வாடகை முன்பணமாக வாங்குவது பொதுவிதியாகவே மாறியது. பதினொரு மாத ஒப்பந்தத்தின் வேர் இன்னும் பழையது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தின் வழியே மட்டும் செல்லும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் விதித்ததால், பதிவுச் செலவைத் தவிர்க்கவே காலத்தை ஒரு மாதம் குறைத்து முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டனர். அந்தத் தாள் காலாவதியானதும் குடியிருப்பவரை வெளியேற்றலாம் என்ற நம்பிக்கையை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொய்யாக்கியது. ஒப்பந்தக் காலம் முடிவது அச்சட்டப்படி வெளியேற்றத்துக்குக் காரணமாகவே இருக்கவில்லை.

வாடகையை முற்றிலும் விலக்கிய மற்றொரு வழி போக்கியம். ஒரு பெருந்தொகையை வட்டியின்றி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகையின்றி வாழ்ந்து, வெளியேறும்போது தொகையை முழுமையாகத் திரும்பப் பெறும் இம்முறையில், மகள் திருமணம், வீட்டுக்கடன் போன்ற உடனடித் தேவைகளுக்கு வீட்டுக்காரருக்குப் பணம் கிடைத்தது. ஆனால் அடுத்தவரிடமிருந்து பெறும் தொகையைக் கொண்டே முந்தையவருக்குத் திருப்பிக்கொடுக்க வேண்டியிருந்ததால், இடையில் ஆள் கிடைக்காதபோது இருவரும் சிக்கலில் மாட்டிக்கொண்டனர்.

வீட்டைத் திரும்பப் பெறுவதே எல்லாவற்றிலும் கடினமான கேள்வியாக இருந்தது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தல், உடைமையாளர் அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உடைமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் முதலிய சில காரணங்களுக்காக மட்டுமே சட்டம் வெளியேற்றத்தை அனுமதித்தது. அதே நகரில் தமக்குச் சொந்தமான வேறு வீட்டில் குடியிருந்த உடைமையாளர் சொந்தத் தேவை என்று கோர இயலவில்லை. குடியிருப்பவர் இறந்தால் உடன் வாழ்ந்த வாரிசுக்கு உரிமை தொடர்ந்தது. வழக்குகள் மேல்முறையீடு, சீராய்வு என்று ஆண்டுக்கணக்கில் நீண்டன. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கையும், அது சமத்துவத்துக்கு முரணானது என்று கூறி 1986இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. புதிய கட்டடங்களுக்கு ஐந்தாண்டு விலக்கு மட்டும் எஞ்சியது.

விளைவாக, வீட்டைப் பூட்டியே வைத்திருப்பது நட்டமாயினும் பாதுகாப்பானது என்று கருதியோர் பெருகினர். இடமாற்றம் பெறும் வங்கி ஊழியரையும் அரசு அலுவலரையும் தேடியோர் இருந்தனர். வெளியேறுவது உறுதி என்பதே அவர்களின் தகுதி. இந்த எச்சரிக்கை வேறொரு கொடுமைக்கும் போர்வையாயிற்று. சாதியும் மதமும் உணவுப் பழக்கமும் கேட்டு வீடு மறுக்கும் வழக்கத்தைச் சட்ட அச்சத்தைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. எந்த வாடகைச் சட்டமும் அதைக் கோரவில்லை.

2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, நியாய வாடகையை விடுத்து இருதரப்பும் ஒப்புக்கொண்ட வாடகையை ஏற்றது. எல்லா ஒப்பந்தங்களும் எழுத்தில் அமைந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்றும், வேறு உடன்பாடு இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றும் அது கூறுகிறது. ஒப்பந்தம் எழுதப்படாமல் போவதே வெளியேற்றக் கோரிக்கைக்குப் போதிய காரணமாகவும் ஆக்கப்பட்டுள்ளது. பதினொரு மாதத் தாளையும், ஏறத்தாழ எண்பதாண்டுக் கட்டுப்பாடு தோற்றுவித்த பெருந்தொகை முன்பணத்தையும் இன்றும் கைவிடாத சிறு உடைமையாளர், தாம் அஞ்சிய சட்டம் நீங்கிவிட்டது என்பதையும், பதிவு செய்த ஒப்பந்தமே இப்போது தமக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள உறுதியான காப்பு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.